சம்பந்தி வீட்டுச் செடி

மார்ச் 9, ஞாயிறு

மகள் சிந்துஜாவைக் கோத்தகிரியில் விட்டுவிட்டு மாலை உடுமலை வந்து சேர்ந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டில் முதல் விருந்து. உபசரிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. குளிர்தான் அதிகம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் இலையில் உட்கார்ந்ததைச் சம்பந்தி பொன்னுசாமி பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டார். பெருந்தன்மையான மனிதர்.

கிளம்பும் நேரத்தில் அவர்கள் வீட்டு டிரைவர் ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து நம் கார் டிக்கியில் வைத்தார். பெயர் ஹைட்ராஞ்சியா என்று மாப்பிள்ளை விவேக் சொன்னார். பந்து பந்தாக நீல நிறத்தில் பூக்குமாம். வாசலில் நின்ற சம்பந்தியம்மா கனகமணி, "நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

வழியெல்லாம் இதைப் பற்றித்தான் யோசனை. பட்டுப் புடவை கொடுத்தால் பீரோவில் வைக்கலாம். வெள்ளித் தட்டு கொடுத்தால் பூட்டி வைக்கலாம். உயிருள்ள ஒன்றைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அது பரீட்சை. கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருடம் செயலாளராக இருந்த இந்தக் குழந்தைவேலுக்கு இது புரியாதா? தணிக்கைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள்.

மனைவி வசந்தாமணி பொள்ளாச்சி வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்களுக்குப் பொறுப்பு போதாது.

மார்ச் 10

செடியைக் கேட்டுக்கு வலப்பக்கம் குழி எடுத்து நட்டேன். தெருவில் போகிற நாலு பேர் பார்த்து, யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும் அல்லவா? மேற்குப் பார்த்த இடம். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை நல்ல வெளிச்சம். கொல்லைப்பக்கம் வைக்கலாமே என்றாள் வசந்தாமணி. சம்பந்தி கொடுத்ததைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறாள்.

மார்ச் 13

மதியம் இலையெல்லாம் தொங்கிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. தண்ணீரின் மகிமை.

மார்ச் 14

மதியம் மறுபடியும் தொங்கியது. இரண்டு குடம் ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்தது.

மார்ச் 22

இலை மஞ்சளாகிறது. ஓரம் கருகுகிறது. "மத்தியானம் வாடி சாயங்காலம் தானா நிமிருதுங்க. அது தாகமில்லீங்க, வெயிலு" என்றாள் வசந்தாமணி. இவள் எந்தக் கல்லூரியில் விவசாயம் படித்தாள்?

நடைப்பயிற்சியில் மாரப்பனிடம் கேட்டேன். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்கப் பருத்தியைத்தான் பார்த்தவர் என்றாலும் துறை துறைதான். யூரியா ஒரு பிடி, பஞ்சகவ்யம் ஒரு சொம்பு, வேப்பம் புண்ணாக்கு, முட்டை ஓடு, டீத்தூள் சக்கை என்றார். எதற்கு எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

மார்ச் 30

நாற்றம் தாங்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். பொறாமை. திருஷ்டிதான் காரணம் என்று தோன்றியது. கறுப்புக் கயிற்றில் ஒரு பெரிய படிகாரக் கட்டியைக் கட்டிக் கேட்டில் தொங்கவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிந்துஜா பேசினாள். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் பிரசவத்துக்குப் போகப் போகிறாராம், திரும்பி வர மாட்டாராம். நம் பெண் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்தவள் என்று தெரிந்து அவர்களே கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு ரொம்ப ஆசை. மாப்பிள்ளைக்கும் சம்மதம்தான். ஆனால் பெரியவர்கள் பேசிக்கொள்வதுதான் முறை என்கிறாராம்.

"நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாப் போதுங்கப்பா. இங்க பகலெல்லாம் வீட்ல ஆளே இல்லீங்க. பனி வந்து சன்னலை மூடிக்குது. நானும் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன்."

கேட்கிறேன் கண்ணு என்று சொன்னேன். சொன்ன கையோடு வெளியே வந்து செடியைப் பார்த்தேன். பாதி இலை கீழே கிடக்கிறது. பெண்ணைக் கொடுத்தவன் கை எப்போதும் கீழேதான். அதிலும் அவர்கள் கொடுத்த செடியைக் கொன்றவன் என்ற பெயரோடு போய் எந்த முகத்தில் ஒரு காரியம் கேட்பது? முதலில் செடி தேறட்டும். நான்கு பூ பூக்கட்டும். பூத்த செடிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் எவரும் மறுக்க மாட்டார்கள். காரியம் சாதிப்பது என்றால் சும்மாவா?

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. சம்பந்தி வீட்டார் வீடியோ காலில் வாழ்த்துச் சொன்னார்கள். செடியைக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று நான் போனை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டே பேசினேன். நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்றார் மாப்பிள்ளை.

பிறகு நன்றாக இருந்த ஒரே ஓர் இலையை மட்டும் கிட்டத்தில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சம்பந்தியம்மா கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை அனுப்பினார். அது பாராட்டா, எச்சரிக்கையா என்று மதியம் முழுக்க யோசித்தேன். வடை ஆறிவிட்டது.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று ஆரம்பம். செடியில் இரண்டு இலையும் நாலு குச்சியும்தான் பாக்கி. என் குடையை விரித்துக் கம்பியில் கட்டிச் செடிக்குப் பிடித்தேன். வெயிலில் குடையில்லாமல் கடைக்குப் போய் வந்ததில் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. அதனால் பரவாயில்லை.

மாரப்பன் வந்து பார்த்தார். தரையோடு வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும் என்றார். பருத்தியை அப்படித்தான் செய்வார்களாம். கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். வசந்தாமணி ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் என் கையிலிருந்து அவள் ஒன்றைப் பிடுங்குவது இதுதான் முதல் தடவை. நகத்தால் குச்சியை இலேசாகச் சுரண்டிக் காட்டினாள்.

"பாருங்க, உள்ள பச்சை இருக்குது. உசுரோட இருக்கறதை எதுக்குங்க வெட்டறீங்க?"

மாரப்பன் முன்னால் இப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

மே 11

காலையில் எழுந்து பார்த்தால் கேட்டருகே வெறும் குழி. களவு போய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிவிட்டேன். செடி கொல்லையில் இருந்தது. வசந்தாமணி விடியற்காலையில் அதை மண்ணோடு பெயர்த்து, அழுகின வேரைக் கிள்ளிவிட்டு, ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியில் மாற்றி, கொய்யா மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே வைத்திருக்கிறாள். காலை வெயில் மட்டும்தான் அங்கே விழும்.

யோசித்துப் பார்த்து இடமாற்றத்துக்கு அனுமதி கொடுத்தேன். உரம் வைக்கிற பொறுப்பை மட்டும் நான் விடவில்லை. பஞ்சகவ்யம் தினமும் அளந்து சொம்பில் கொடுத்துவிடுகிறேன். முதுகுவலி காரணமாக ஊற்றுகிற வேலையை வசந்தாமணி பார்த்துக்கொள்கிறாள்.

மே 25

குச்சியின் கணுவில் பச்சையாக ஒன்று தெரிகிறது. என் பஞ்சகவ்யம் வேலை செய்கிறது. கொல்லை மூலையில் நிற்கும் வாழையும் ஏனோ திடீரென்று கொழுத்து நிற்கிறது. அதற்கு நாம் ஒன்றுமே போடுவதில்லை. இயற்கையின் விசித்திரம்.

வசந்தாமணி செடிக்குத் தண்ணீர் ஊற்றும் விதம் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கிறாள். சில நாள் ஊற்றுகிறாள், சில நாள் சும்மா போய்விடுகிறாள். ஒழுங்குமுறை என்பதே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

தென்மேற்குக் காற்று வந்துவிட்டது. கணவாய் வழியாக வருகிற அந்தச் சாரலில் உடுமலையே குளிர்ந்து கிடக்கிறது. செடி என் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருக்கிறது. நடைப்பயிற்சிக் குழுவில் ஹைட்ராஞ்சியா வளர்ப்பது எப்படி என்று விளக்கிச் சொன்னேன். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். மழை பெய்ததால் யாராலும் நிழற்கூடத்தை விட்டுப் போக முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல செய்தி. மொட்டு விட்டிருக்கிறது. பழைய குச்சியின் நுனியில் சிறு காலிபிளவர் மாதிரி ஒன்று. அன்றைக்கு வெட்டியிருந்தால் இது வந்திருக்காது. வெட்டாமல் விட்டது எவ்வளவு சரியான முடிவு!

சிந்துஜா கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆனி முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டார்களாம். ஜூலை பதினாலு, திங்கட்கிழமை கடைசி. ஆடி பிறந்தால் யாரும் புதிதாகச் சேர மாட்டார்கள், அதனால் முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்களாம். நான் மொட்டைப் பற்றிச் சொன்னேன். "சரிங்கப்பா" என்றாள்.

ஆடி ஒன்றுக்குச் சம்பந்தி வீட்டார் அவளை அழைத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். புதுப் பெண்ணுக்குத் தலை ஆடி. அதற்குள் பூத்துவிடும். நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் இரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் பள்ளிக்கூடம் என்ன ஓடியா போய்விடும்? போனில் கேட்கிற காரியமா இது?

"செடிக்கு ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் கேட்டுப்போட்டீங்க. பொண்ணுக்கு ஒருத்தரைக் கேக்க இத்தனை யோசனை" என்றாள் வசந்தாமணி. வீண் பேச்சு.

ஜூன் 24

தலையில் இடி. மொட்டு விரிகிறது, நிறம் ரோஸ். சம்பந்தி வீட்டில் நின்றதெல்லாம் நீலம். அவர்கள் கொடுத்தது செத்துப்போய், நான் சந்தையில் வேறொன்று வாங்கி வைத்து ஏமாற்றுகிறேன் என்றுதானே நினைப்பார்கள்? சோறு இறங்கவில்லை.

உடனே சிந்துஜாவைக் கூப்பிட்டேன். கெமிஸ்ட்ரி படித்த பெண் வீட்டில் இருப்பது எவ்வளவு உதவி! அழகாக விளக்கினாள். மலை மண்ணில் அமிலம் அதிகம், அதனால் நீலம். நம் ஊர்த் தண்ணீர் உப்பு, மண்ணில் சுண்ணாம்பு, அதனால் ரோஸ். படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து மிகக் கொஞ்சமாக ஊற்றினால் மண்ணில் உள்ள அலுமினியத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், நிறம் மாறலாம் என்றாள். சொல்லும்போது அவள் குரலே வேறாக இருந்தது. வகுப்பில் நின்று சொல்வதுபோல் சுறுசுறுப்பாக, சிரிப்போடு. இவ்வளவு படிக்க வைத்தது வீண் போகவில்லை.

கடைசியில் ஸ்கூல் விஷயம் என்று ஆரம்பித்தாள். சிக்னல் சரியாக இல்லை.

ஜூன் 25

நாட்டு மருந்துக் கடை சாத்தியிருந்தது. கேட்டில் தொங்கிய திருஷ்டிப் படிகாரத்தையே அவிழ்த்து உடைத்துக் கரைத்தேன். திருஷ்டி பட்டால் பட்டுப் போகட்டும், மரியாதை போகக் கூடாது.

ஜூலை 3

சிந்துஜா மிகக் கொஞ்சம் என்று சொன்னதை நான் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டேன். இலை ஓரம் கருகியது. வசந்தாமணி சொம்பை என் கையில் கொடுப்பதே இல்லை இப்போது.

ஜூலை 13, ஞாயிறு

நான்கு பூப்பந்து. ரோஸ்தான், ஆனால் அங்கங்கே ஊதா ஓடுகிறது. பார்க்க நிறைவாக இருக்கிறது. காலை முழுக்க வெவ்வேறு கோணத்தில் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது சிந்துஜா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். பூ நடுங்கிவிடும் என்று எடுக்கவில்லை.

"நாளைக்குக் கடைசி நாளுங்க. இப்பவாவது சம்பந்திக்கு ஒரு போன் போடுங்க" என்று வசந்தாமணி போனைக் கையில் திணித்தாள். வியாழக்கிழமை வரப்போகிற மனிதரை ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வது மரியாதை இல்லை என்று விளக்கினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களின் சத்தம் அதிகமாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

நிறம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சிந்துஜா கூப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, சிந்துஜா. சிந்துஜா இளைத்திருந்தாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன். காபி குடிக்கக்கூட விடாமல் எல்லாரையும் கொல்லைக்கு அழைத்துப் போனேன். துவைக்கிற கல்லைக் கழுவிக் கோலம் போடச் சொல்லியிருந்தேன். செடிக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தேன்.

சம்பந்தியம்மா பூவைப் பார்த்தார். "அட, இது எங்கூர்ல வேலியோரம் கெடக்கற பூவாச்சுங்களே. இங்கயும் வருதுங்களா?"

நீங்கள் கொடுத்ததுதான் என்றேன்.

"நானுங்களா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "எங்க டிரைவர் வெச்சு உட்டிருப்பாருங்க. வேலி வெட்டறப்ப மிச்சமாகற குச்சியத் தொட்டில குத்தி வெச்சிருப்பாரு. வர்ற காருக்கெல்லாம் ஒண்ணு வெச்சு உட்ருவாரு. ஆடுகூட அதைத் திங்காதுங்க, எடத்தை அடைச்சுக்கிட்டு."

நல்லாப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்களே என்று கேட்டேன். சொன்னேனா என்று கேட்டார். மலை இறங்குகிறவர்களிடம் உடம்பை நல்லாப் பாத்துக்கங்க என்று எல்லாரிடமும் சொல்வாராம்.

மூன்று மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டையில் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதை அப்படியே எடுத்து விட்டேன். பெண் படித்தவள், பள்ளிக்கூடத்தில் வேலை கேட்கிறார்கள், தங்கள் சம்மதம் இருந்தால் என்று நீட்டி முழக்கிச் சொல்லி முடித்தேன். சம்பந்தி தன் துண்டை எடுத்து மறுபடியும் தோளில் போட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, இத இப்பச் சொல்றீங்க? திங்கக்கெழமை சாயங்காலமே வேற ஆளைப் போட்டுட்டாங்களே. கரஸ்பாண்டென்ட் நமக்கு வேண்டியவருதானுங்க. மருமகளை அனுப்பறீங்களான்னு என்னையே கேட்டாரு. பொண்ணைப் பெத்தவரு ஒரு வார்த்தை பேசலையே, அவருக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு நாங்க சும்மா இருந்துட்டமுங்க. நாங்களா அனுப்பி வெச்சு, மருமகளைச் சம்பாரிக்க உட்டுச் சாப்புடறாங்கன்னு நீங்க நெனச்சுப்போட்டா?"

அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் பூவுக்காகக் காத்திருந்தேன். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டோம்.

சிந்துஜா செடிப் பக்கம் போனாள். படிகாரம் பட்டுக் கருகின இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். "பூ நல்லா இருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஜூலை 20, ஞாயிறு

சம்பந்தி வீட்டார் அன்றே போய்விட்டார்கள். போகும்போது சம்பந்தியம்மா ரோஸ் நிறம் அபூர்வமாக இருக்கிறது என்று ஒரு குச்சி கேட்டார். வசந்தாமணி வெட்டிக் கொடுத்தாள்.

பஞ்சகவ்யம் முழுக்க வாழைக்குத்தான் போனதாம். சொம்பை நான் கொடுத்த முதல் நாளிலிருந்தே. நான் கேட்காமலே சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை.

சிந்துஜா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அங்க எப்படி இருக்குது கண்ணு என்று கேட்டேன். மார்ச்சிலிருந்து இதைத்தான் நான் கேட்கவே இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வசந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. சிந்துஜா சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

ஜூலை 21

சம்பந்திக்குப் போன் போட்டேன். போனிலேயே கேட்டேன். பெண் வேலைக்குப் போக வேண்டும், எந்தப் பள்ளிக்கூடமானாலும் சரி என்றேன். அதுக்கென்னுங்க, தாராளமாப் போகட்டும், கரஸ்பாண்டென்ட்டையே போய்ப் பாருங்க என்றார். முழுப் பேச்சும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 23, புதன்

ஆடியில் யாராவது வேலை கேட்டுப் போவார்களா என்று மாரப்பன் கேட்டார். பருத்தியைப் பார்க்கச் சொன்னேன்.

நானும் சிந்துஜாவும் கோத்தகிரிக்குப் பஸ்ஸில் போனோம். குஞ்சப்பனை தாண்டி மலை ஏற ஏற, சாலையோரம் முழுக்க அதே பூ. சாக்கடை மேட்டில், சுவர் இடுக்கில், டீக்கடைக் குப்பைக்குப் பக்கத்தில் எல்லாம் நீலம் நீலமாக நிற்கிறது. எதற்கும் யாரும் குடை பிடிக்கவில்லை. சிந்துஜா என்னைப் பார்த்தாள். நான் எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் நேரில் பார்த்த முதல் சிரிப்பு அது.

கரஸ்பாண்டென்ட் மரியாதையான மனிதர். இடம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். தேநீர் கொடுத்தார். நாங்கள் எழுந்தபோது, இவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹைட்ராஞ்சியா.

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

"செடி வேண்டாமுங்க. என் பொண்ணுக்கு ஒரு வேலை எப்பக் கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

கரஸ்பாண்டென்ட் கொஞ்சம் திகைத்துப் போனார். கெமிஸ்ட்ரி லேபில் ஓர் அம்மா டிசம்பரில் ஓய்வு பெறுகிறார், அப்போது பார்க்கலாம் என்றார். டிசம்பரில் எந்தத் தேதி என்று கேட்டேன். சிந்துஜா திரும்பி என்னைப் பார்த்தாள்.